கணினியின் பதிவேடு எத்தனை நாள் தாங்கும்?

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் கணினி ஆய்வகப் பொறுப்பை நான் ஏற்ற புதிதில், ஒரு கணினியின் 'சி' டிரைவ் நிறைந்து சிவப்புக் கோடு காட்டியது. மாணவர்கள் செய்த வேலையைச் சேமிக்க முடியவில்லை. நான் கணித ஆசிரியர்; கணினி எனக்குக் கைவந்த துறை அல்ல. பழைய படங்களையும் பாடல்களையும் தேடித்தேடி அழித்தும் அரை ஜிபி கூடத் தேறவில்லை. கடைசியில், விண்டோஸ், சிஸ்டம்32, வின்இவிடி, லாக்ஸ் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் ஃபோல்டரைத் திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது. 'ஆர்க்கைவ்-செக்யூரிட்டி' என்று தொடங்கும் கோப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் 20 எம்பி. 500 கோப்பு சேர்ந்தாலே 10 ஜிபி ஆகிவிடுமே!

விண்டோஸ் தன்னிடம் நடப்பவற்றை நாள், நேரத்துடன் எழுதி வைக்கிறது. இதுதான் ஈவென்ட் லாக். மென்பொருள்கள் பற்றியவை 'அப்ளிகேஷன்' லாகிலும், விண்டோஸ் பற்றியவை 'சிஸ்டம்' லாகிலும், யார் உள்நுழைந்தார்கள் போன்றவை 'செக்யூரிட்டி' லாகிலும் பதிவாகும். இந்த மூன்றுக்கும் வழக்கமான உச்ச அளவு 20 எம்பி. நிறைந்ததும் மிகப் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும். எனவே இயல்பாக விட்டால் இவை டிஸ்கை அடைக்காது. எங்கள் கணினியில் யாரோ 'நிறைந்ததும் ஆவணமாக்கு' என்ற தேர்வைச் சொடுக்கியிருந்தார்கள்.

அத்துடன் விட்டிருக்கலாம். நானோ, சுத்தம் செய்யும் உற்சாகத்தில் பத்துக் கணினிகளிலும் எல்லா லாகுகளையும் 'கிளியர்' செய்துவிட்டேன்.

மறுவாரம் ஆறாம் எண் கணினி பாடவேளை நடுவில் அணைந்தது. இரண்டாம் முறையும் அதே மாணவன்தான் அமர்ந்திருந்தான். பவர் பட்டனை அழுத்தி விளையாடுகிறான் என்று எல்லோர் முன்னும் கண்டித்தேன். அவன் மறுத்தான். பழுதுபார்க்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "இது எப்போதிருந்து சார் இப்படி?" பதில் சிஸ்டம் லாகில் இருந்திருக்கும், நான்தான் அழித்துவிட்டேனே!

அவர் காட்டியது இது. முறையாக ஷட்டவுன் செய்தால் 1074 என்ற எண்ணில் பதிவாகும். திடீரென அணைந்தால், அடுத்த முறை இயக்கும்போது 41, 6008 என்ற எண்கள் வரும். 6008இல் அணைந்த நேரமும் இருக்கும். ஆனால் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் இவையே வரும். எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. நேரத்தைப் பார்க்க வேண்டும். பத்து நாள் காத்திருந்து பார்த்தோம். வேறு வகுப்பு இருந்தபோது இரண்டு முறை, மாலையில் நான் மட்டும் இருந்தபோது ஒரு முறை அணைந்திருந்தது. பவர் சப்ளை பெட்டியை மாற்றியதும் சரியானது. அந்த மாணவனிடம், கண்டித்ததைப் போலவே எல்லோர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தேன்.

அளவை மாற்றுவது எளிது. நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, 'ஸ்டார்ட்' தேடலில் 'ஈவென்ட் வியூவர்' என்று தட்டுங்கள். 'விண்டோஸ் லாக்ஸ்' கீழே 'சிஸ்டம்' மீது வலது சொடுக்கி 'பிராப்பர்ட்டீஸ்' திறந்தால் உச்ச அளவு கேபி கணக்கில் இருக்கும். 20480 என்பது 20 எம்பி. எவ்வளவு வைப்பது? பட்டியலில் மிகப் பழைய பதிவின் தேதியைப் பாருங்கள். ஒரு பருவம் முழுவதும் கிடைத்தால் போதும் என்பது என் கணக்கு. அதற்கு முன்பே தீர்ந்தால் 65536 கேபி, அதாவது 64 எம்பி ஆக்கலாம். இன்றைய டிஸ்குக்கு அது ஒரு சிறு வீடியோ அளவுதான்.

அதே பக்கத்தில் மூன்று தேர்வுகள் உண்டு. பள்ளிக் கணினிக்கு முதலாவதான 'தேவைப்படும்போது மேலெழுது' பொருத்தம். இரண்டாவது எங்கள் டிஸ்கை அடைத்தது. மூன்றாவதான 'மேலெழுதாதே' இன்னும் மோசம்: நிறைந்ததும் புதிதாக எதுவும் பதிவாகாது. பதிவேட்டில் பக்கம் தீர்ந்ததும் வருகை எடுப்பதையே நிறுத்திவிடுவது போல.

அழிக்கவே வேண்டியிருந்தால் 'சேவ் அண்ட் கிளியர்' கொடுத்துப் பென்டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். அழித்த செய்தியும் பதிவாகும்: செக்யூரிட்டி லாக் என்றால் 1102, மற்றவை என்றால் 104. ஆறாம் எண் கணினியின் சிஸ்டம் லாகில் முதல் வரி இன்றும் அந்த 104தான்.