ஏழு ரோட்டுப் பள்ளியும் மலை ஊர்களும்

கொடைக்கானல் ஏரிக்கு மேலே, ஏழு ரோடு சந்திப்பை ஒட்டி இருக்கிறது கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். 1901-ல் ஹைகிளர்க் என்ற பெயரில் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. பெற்றோர் வெயில் தகிக்கும் மதுரைச் சீமையில் ஊழியம் செய்ய, பிள்ளைகள் மலைமேல் விடுதியில் தங்கி அமெரிக்கப் பாடத்திட்டத்தைப் படித்தார்கள். 1970-களில் அது பல நாட்டுப் பிள்ளைகளுக்குமான பள்ளியாக மாறியது. 1976-ல் இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் எனப்படும் ஐ.பி. டிப்ளமோ படிப்பை இந்தியாவிலேயே முதலாவதாகக் கொண்டுவந்தது.

அந்தப் படிப்போடு சமூக சேவையும் கட்டாயமாக வந்தது. ஆறு பாடங்களிலும் நல்ல மதிப்பெண் வாங்கினாலும், படைப்பாற்றல், உடல்சார் செயல்பாடு, சேவை மூன்றும் சேர்ந்த பகுதியை முடிக்காதவருக்கு டிப்ளமோ கிடையாது. அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது. முன்பு 150 மணி நேரம் என்று கணக்கு இருந்தது. மணிக்கணக்கு வைத்தால் பிள்ளைகள் கணக்கை நிரப்புவதில்தான் குறியாக இருப்பார்கள்; அது ஒழிந்தது நல்லதே. இப்போது 18 மாதங்கள் தொடர்ந்து ஈடுபட்டு, என்ன செய்தோம், எதைக் கற்றோம் என்று மாணவர் எழுதிக் காட்ட வேண்டும்.

கற்பதற்குக் கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலைத்தொடரில் நிறையவே இருக்கிறது. மரம் நடுவதையே எடுத்துக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளின் சேவை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அதுதான். ஆனால் இம்மலையின் மேல்பகுதி இயற்கையில் புல்வெளி. மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் மட்டுமே சோலைக்காடு. வனத்துறையே ஒரு காலத்தில் புல்வெளியை வெறும் நிலமாகக் கருதி சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டது. சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தீப்பட்டால் கூட்டமாக முளைக்கும். எனவே புல்வெளியில் நாற்று நடுவது நல்லெண்ணத்தோடு செய்தாலும் கெடுதல்தான். சீகையை ஒட்டுமொத்தமாக வெட்டுவதும் எல்லா இடத்துக்கும் சரிவராது. பழைய சீகைத் தோப்பின் நிழலில் சில இடங்களில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே எழும்புகின்றன. எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்பதைக் கன்றின் இலையைப் பார்த்துப் பிரித்தறியத் தெரிந்த பிறகே மண்வெட்டியைத் தொட வேண்டும்.

மனிதர்கள் விஷயமும் அப்படித்தான். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அறுத்த பூண்டைத் தாளோடு கட்டி, புகை படும்படி வீட்டுக்குள் தொங்கவிட்டு விதைக்கு வைத்துக்கொள்வது அங்கத்திய வழக்கம். புகையேறிய வீட்டைப் பார்த்து இது வறுமை என்று முடிவுகட்டிவிட்டால் ஒரு சேமிப்பு முறை கண்ணில் படாமல் போய்விடும். தேனெடுப்பதிலும் காட்டு மூலிகைகளிலும் தேர்ந்த பளியர் பழங்குடியினரிடம் போகும் மாணவர், கற்றுக்கொடுக்க வந்தவராக அல்லாமல் கற்க வந்தவராகப் போவதே முறை. அதற்குத் தமிழ் வேண்டும். நாலு வார்த்தை பேசத் தெரியாமல் ‘பண்பாட்டு அறிமுகம்’ என்பது சுற்றுலாவிலிருந்து அதிகம் விலகியதல்ல.

தமிழக மேல்நிலைப் பள்ளிகளில் இயங்கும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இந்தச் சிக்கல் குறைவு. காந்தி நூற்றாண்டான 1969-ல் பல்கலைக்கழகங்களில் தொடங்கி, பின்னர் பள்ளிகளுக்கும் வந்த திட்டம் இது. பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் சுற்று வட்டாரத்தவர்கள். ஊர்ப் பெரியவர்களை முறை சொல்லி அழைக்கத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு வேறு குறை உண்டு: பிளஸ் டூ தேர்வு நெருங்கினால் முகாம், கோயில் வளாகத்தைக் கூட்டிப் பெருக்குவதோடும் ஒரு ஊர்வலத்தோடும் முடிந்துபோகக்கூடும்.

இரண்டுக்கும் பொதுவான தடை காலம். ஐ.பி. மாணவர் இரண்டு ஆண்டில் போய்விடுவார், பிளஸ் டூ மாணவரும் அப்படியே. சோலை மரமோ தலையெடுக்கவே பல ஆண்டுகள் ஆகும். ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து ஆண்டுதோறும் புதிய அணியை அதே ஊருக்கு அனுப்பும் நாட்டு நலப்பணித் திட்ட வழக்கம் இதற்குப் பொருந்தும். முந்தைய அணி எழுதிவைத்த குறிப்பை அடுத்த அணி படித்துவிட்டுப் போனால், எந்தக் கன்று பட்டுப்போனது, எந்த வீட்டில் என்ன கேட்டார்கள் என்பது ஊருக்குப் போகும் முன்பே தெரிந்திருக்கும்.