டின் மீனில் சப்பாத்திச் சுருள்!

"டின் மீனா? அதெல்லாம் மாசக் கடைசிக்குத்தான்!" என்று முகம் சுளிக்கும் சகோதரிகள் நம்மில் நிறைய பேர். ஆனால் மலேசியாவில் சார்டின் டின் இல்லாத சமையலறை உண்டா? ஆல்ஃபிரெட் குளுவே என்ற பிரெஞ்சுக்காரர் 1892-ல் சிங்கப்பூரில் தொடங்கிய வியாபாரம்தான், இன்றைக்கும் சேவல் படத்தோடு கடைகளில் இருக்கும் 'ஆயாம்' டின். அவ்வளவு பழகிய மீனைச் சம்பலாக்கி வெள்ளைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவதோடு நிறுத்திவிடுகிறோம்.

என் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர் என்று கிளினிக்கில் சொன்னதும், எனக்குக் கவலையெல்லாம் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றித்தான். காலையும் இரவும் என் கையில் இருக்கிறது. பகலில் கடைச் சாப்பாடு. மலைபோல் சோறு, ஓரத்தில் இரண்டு வெள்ளரித் துண்டு! இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2023-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு.

தாதி ஒரு தட்டுப் படத்தைக் காட்டினார். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுகு சுகு செப்பாரோ'தான் அது. கால் தட்டு சோறோ ரொட்டியோ, கால் தட்டு மீன், கோழி, பயறு வகை, மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். அந்தத் தட்டையே சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டால் என்ன? மகள் இதை 'ராப்' என்கிறாள். நான் போப்பியாவுக்கு அக்கா என்கிறேன்!

தேவையானவை (இருவருக்கு 4 சுருள்)

ஆட்டா மாவு 1½ கப், சிறிய சார்டின் டின் (155 கிராம்) 1, சிவப்பு பீன்ஸ் டின்னில் பாதி, பெரிய வெங்காயம் 1, பச்சை மிளகாய் 2, சீரகம், மிளகுத்தூள், எலுமிச்சம்பழம் பாதி, எண்ணெய் 1 தேக்கரண்டி, துருவிய காரட், மெலிதாக நறுக்கிய கோஸ், வெள்ளரி எல்லாம் சேர்த்து 3 கப், சலாட் இலை 4.

செய்முறை

வெதுவெதுப்பான நீரில் மாவைத் தளரப் பிசைந்து, 20 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு மெல்லிசாகத் தேய்த்துச் சுட்டு, துணியில் சுற்றி வைத்தால் சுருட்டும்போது விரியாது.

மீனின் சாஸை வடித்துவிடுங்கள். அதிலும் உப்பு இருக்கிறது. முள்ளை எடுக்க வேண்டாம். டின்னிலேயே வெந்து மெத்தென்றிருக்கும். சுண்ணாம்புச் சத்து அதில்தானே இருக்கிறது! பீன்ஸைச் சல்லடையில் கொட்டிக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

எண்ணெயில் சீரகம் தாளித்து, வெங்காயம், மிளகாய் வதக்கி, மீனையும் பீன்ஸையும் போட்டு மசியுங்கள். ஈரம் சுண்டியதும் மிளகுத்தூள் தூவி இறக்கி, எலுமிச்சை பிழியுங்கள். உப்பு வேண்டவே வேண்டாம்.

சப்பாத்தியில் முதலில் சலாட் இலை, அதன்மேல் ஆறிய மசியல், அதைவிட அதிகமாகக் காய்கறி. அடியை மடித்து, இறுகச் சுருட்டித் தாளில் சுற்றுங்கள். இலை அடியில் இருந்தால் சப்பாத்தி ஊறிப்போகாது. கூடவே ஒரு கொய்யாத் துண்டு வைத்தால் தட்டுக் கணக்கு சரி!

கவனிக்க வேண்டியவை

* உப்பிய டின், கசியும் டின், ஓரம் நசுங்கிய டின் வேண்டாம். நல்லதா கெட்டதா என்று ருசி பார்ப்பதும் ஆபத்து.
* மிச்சத்தை டின்னிலேயே வைக்காமல் மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் மாற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.
* நம் வெக்கைக்கு, சமைத்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். விடியற்காலையே கிளம்புகிறவர்களுக்கு மசியலை முந்தின இரவே செய்து குளிரவைத்து, உறைந்த தண்ணீர் போத்தலோடு குளிர் தாங்கும் பையில் வைத்து அனுப்புங்கள்.
* காய்ந்த சிவப்பு பீன்ஸ் வாங்கினால், இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் கொதிக்கக் கொதிக்க வேகவையுங்கள். அரைவேக்காடு வயிற்றைப் புரட்டிவிடும்.
* 'பேக்ட் பீன்ஸ்' டின்னில் சர்க்கரை சேர்ந்திருக்கும். இனிப்பு நீர்க்காரர்களுக்கு வேண்டாம்.
* யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்கள் சார்டினைக் குறைத்துவிட்டு முட்டையோ தவ்வுவோ வைத்துக்கொள்ளலாம்.

சுருள் சாப்பிடுகிறோமே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், சகோதரிகளே! எத்தனை சப்பாத்தி என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாவு பிசைந்தாயிற்று என்றால் மற்ற வேலை அரை மணி நேரம்தான். வாரத்தில் ஒரு நாளாவது கட்டிக் கொடுத்துப் பாருங்களேன்!