அகலச் சக்கரமும் அதன் கணக்கும்



வேலப்பன்சாவடி என்னும் பெயரின் பின்பாதியைச் சற்றே கவனியுங்கள். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். நான் வசிக்கும் இவ்வூர், சென்னையிலிருந்து பூந்தமல்லி வழியாக மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது. இங்கே சக்கரங்களின் ஓசை இரவிலும் ஓய்வதில்லை. சக்கரத்தைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி அவ்வளவே. மற்றது பௌதிகப் பாடம்.

மோட்டார் காரின் இரும்புச் சக்கரத்தை அகலப்படுத்தும் வேலை ஒன்று உண்டு. டயர் பொருந்தும் வளையத்திற்கு ரிம் என்று பெயர். அந்த ரிம்மைச் சுற்றளவு முழுவதும் அறுத்து இரண்டாக்கி, இடையே ஓர் இரும்புப் பட்டையை வளைத்து வைத்து, இருபுறமும் பற்றவைத்துவிடுவார்கள். பிறகு அதன்மேல் அகலமான டயர் ஏறும். என்னிடம் படித்த மாணவரொருவர் பழைய கார் ஒன்றை வாங்கி, இவ்வாறு செய்யலாமா என்று கேட்டார். “சார், அகலமாக இருந்தால் சாலையை நன்றாகப் பிடிக்குமல்லவா?” என்பது அவர் வாதம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைக் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும்.

காரின் எடை 1,000 கிலோ என்று கொள்வோம். ஒவ்வொரு சக்கரமும் சுமார் 250 கிலோவைத் தாங்குகிறது. டயரில் 30 பவுண்டு காற்று அடித்தால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ. 250ஐ 2.1ஆல் வகுத்தால் 119 சதுர சென்டிமீட்டர் வருகிறது. காரைத் தரையோடு பிணைப்பது, உள்ளங்கை அளவேயான இந்தப் பரப்புத்தான்! டயரின் விறைப்பினால் கணக்குச் சிறிது மாறும்; ஆனால் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை எடையும் காற்றழுத்தமுமே. தரையைத் தொடும் பகுதி 12 செ.மீ. அகலமானால் நீளம் சுமார் 10 செ.மீ.; 15 செ.மீ. அகலமானால் நீளம் 8 செ.மீ. ஆகக் குறுகிவிடும். பரப்பு ஏறக்குறைய அதுவே. வடிவம் மட்டும் மாறுகிறது.

வடிவ மாற்றத்தால் பயன் இல்லாமலில்லை. அகன்று குறுகிய தடம், வளைவில் திரும்பும்போது வண்டியை விரைவாகவும் உறுதியாகவும் திருப்புகிறது. அதனாலேயே 1960களில் உலகின் பந்தயக் கார்களுடைய சக்கரங்கள் ஆண்டுக்கு ஆண்டு பருத்தன. நமது சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களை உங்கள் பெற்றோரில் சிலர் பார்த்திருக்கக்கூடும். இப்பொழுது அத்தகைய பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டையில் நடக்கின்றன. ஆனால் பந்தய வண்டியின் சக்கரத்தை ஒவ்வொரு ஓட்டத்திற்கும் பின்னர் கழற்றிச் சோதிப்பார்கள். நம் வண்டியின் சக்கரத்தைப் பஞ்சரானால்தானே கழற்றுகிறோம்?

மாட்டு வண்டியை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. இரும்புப் பட்டை அடித்த மெல்லிய சக்கரம் ஈர மண்ணில் புதையும், மண்சாலையையும் அறுக்கும். காற்றடித்த டயர் வண்டி வந்தபோது அந்தத் துன்பம் குறைந்தது. மென்மையான நிலத்தில் அகலம் உண்மையாகவே வரம்தான். தார்ச்சாலையின் கதை வேறு. அதிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாலைமேல் நீர் தேங்கும்போது, குறுகிய டயர் நீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடுகிறது. அகன்ற டயரோ அதிக நீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். வேகம் மிகுந்தால் தள்ள நேரமின்றி நீரின்மேலேயே மிதந்துவிடும். அப்பொழுது பிரேக்கும் ஸ்டியரிங்கும் இருந்தும் இல்லாதவையே.

இன்னொரு சங்கதி நெம்புகோலைப் பற்றியது. பட்டை 5 செ.மீ. அகலம் என்போம். அதை வெளிப்புறமாகவே சேர்த்தால், சக்கரத்தின் நடுக்கோடு 2.5 செ.மீ. வெளியே நகர்கிறது. சுமை அதுவே, கை நீண்டுவிட்டது. உள்ளேயுள்ள பேரிங்குகள் கூடுதலான திருப்புவிசையைத் தாங்கவேண்டும். முன்சக்கரமானால் ஸ்டியரிங் கனக்கும். பள்ளத்தில் இறங்கினால் கையை உதறும்.

இவை யாவற்றிலும் பெரியது பற்றவைப்பின் கதை. பக்கத்துப் பாடியில் 1960இல் தோன்றிய வீல்ஸ் இந்தியா போன்ற தொழிற்சாலைகளில், எஃகுத் தகட்டை வளையமாக்கி அதன் இரு முனைகளையும் இணைக்கிறார்கள். அந்த இணைப்பு ரிம்மின் குறுக்கே ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பிறகு வளையத்தை உருளைகளுக்கிடையே உருட்டி வடிவம் கொடுத்து, நடுத்தட்டைப் பொருத்துகிறார்கள். மாதிரிச் சக்கரங்களைப் பளு ஏற்றியும் வளைத்தும் இலட்சக்கணக்கான முறை சுழற்றிச் சோதிக்கிறார்கள். அகலப்படுத்திய சக்கரத்திலோ சுற்றளவு முழுவதும் இரண்டு இணைப்புக் கோடுகள் ஓடுகின்றன. அவற்றைச் சோதிப்பவர் வண்டியோட்டியே!

டயரின் விட்டம் 55 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 1.73 மீட்டர் நகரும். 60 கிலோமீட்டர் பயணத்தில் சக்கரம் ஏறத்தாழ 34,700 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் ரிம் மிக நுட்பமாக வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒடிகிறதே, அந்தத் தளர்ச்சிதான் இது. 1842இல் பிரான்சு நாட்டு வெர்சாய் நகரத்தருகே ஒரு ரயில் விபத்துக்குள்ளானதற்கு இவ்வாறு ஒடிந்த இருசே காரணம். பின்னர் ஜெர்மனியில் வோலர் என்னும் பொறியாளர் இதனை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். ஒரு பட்டறையில் நான் கண்ட சக்கரத்தில் நான்கு விரற்கடை நீளத்திற்கு மயிரிழை போன்ற விரிசல் ஓடியது. அது பற்றவைத்த கோட்டின்மேல் இல்லை. அதன் ஓரத்தில் இருந்தது. வெப்பத்தால் தன்மை மாறிய உலோகமும், பற்றின் விளிம்பில் குவியும் விசையும் சேருமிடம் அதுவே. வெளியே பூசிய வர்ணம் அதை அழகாக மறைத்திருந்தது.

என் மாணவரின் வண்டி வளைவில் அலைந்ததற்குக் காரணம் அகலக் குறைவன்று. டயர் தேய்ந்திருந்தது, காற்று 22 பவுண்டுதான் இருந்தது. அதைச் சரிசெய்தபின் அறுக்கும் வேலைக்குத் தேவை ஏற்படவில்லை.

சட்டமும் இதில் தலையிடுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியைத் தயாரித்தவர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதனை வலியுறுத்தியது. சில கார்களில் ஒரே மாதிரிக்கு இரண்டு மூன்று சக்கர அளவுகளை நிறுவனமே அனுமதித்திருக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பெரும்பாலும் தூணில் ஒட்டிய சீட்டில் டயர் அளவும் காற்றளவும் காணப்படும். 155/80 ஆர் 13 என்றிருந்தால், 155 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். அதில் நூற்றுக்கு 80 பங்கு பக்கச் சுவரின் உயரம். ஆர் என்பது ரேடியல் அமைப்பு. 13 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். அடுத்த முறை வீட்டு வண்டியின் அருகே செல்லும்போது அந்த எண்களை டயரின்மேல் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.