ஆயாவையும் அழைத்துப் போங்கள்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கம் இன்றும் மாறாத வழக்கம். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான், சுகப்பிரசவமென்றால் இரண்டு மூன்று நாளில் வீடு. அதன்பிறகு குளிப்பாட்டுவது, 'பால் போதலை' என்று தீர்ப்புச் சொல்வது எல்லாம் ஆயா, அதாவது பாட்டிதான். ஆகவே மாதாந்திர செக்கப்புக்கு, ராமநாதபுரத்து ஜிப்மர் கிராமப்புற மையமோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ, புருஷனோடு ஆயாவும் போவது நல்லது.

முதலில் பேச வேண்டியது குளிர். நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கிச் சூட்டை உண்டாக்கும்; பச்சைக் குழந்தைக்கு அந்த நடுக்கம் வராது. முதுகிலும் கழுத்தோரமும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சமாளிக்கிறது. எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பும் அதிகம், சூடு சட்டென்று இறங்கும். முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிவைக்க உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதற்காகத்தான். வெறும் மார்பில் குழந்தையைப் போட்டுப் போர்த்திக்கொள்ளும் முறை, 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் பிறந்தது. அப்பா மார்பும் உதவும். நம் மாப்பிள்ளைகள்தான் கூச்சப்படுவார்கள்.

சேனை தொட்டு வைக்கத் தேன் வேண்டாம். அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்து பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சாகித் தசைகளைத் தளர்த்திவிடும். முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு ஸ்பூன் சீம்பாலே போதும். முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்கி இரண்டு வாரத்தில் மீளும். ஒரு வாரமானபின் நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்றே அர்த்தம்.

மஞ்சள்காமாலைதான் வம்பு. சிவப்பணுக்கள் உடைவதால் வரும் பிலிரூபினை முதிராத கல்லீரல் வெளியேற்றத் திணறுகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், அதாவது வீட்டுக்கு வந்த கையோடு, அது உச்சம் தொடும். இளவெயிலில் காட்டினால் தெளியும் என்பார்கள். பிலிரூபினை மாற்றுவது நீல ஒளி. வெயிலில் அதற்கு அளவு கிடையாது, துணியில்லாமல் கிடத்தினால் குளிரும் சேரும். பிறந்த அன்றே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிதான்.

ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டில் வந்து பார்ப்பது தேசியத் திட்டம். இதற்கு வேர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி: அபய் பங், ராணி பங் தம்பதி கிராமப் பெண்களுக்குப் பயிற்சி தந்ததில் பச்சிளம் சிசு மரணம் (பிறந்த முதல் மாதத்து இறப்பு) 62% குறைந்ததை 1999இல் 'லான்செட்' வெளியிட்டது. குழந்தை அமைதியாக இருக்கையில் முழு நிமிடம் மூச்சை எண்ண அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 60ஐத் தொட்டாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, அடுத்த வருகைக்குக் காத்திராமல் 108ஐ அழைக்கலாம்.