முகம் நீளுமா?

குதிரை ஒன்று மதுக்கடைக்குள் நுழைந்ததாம். "ஏன் முகம் இவ்வளவு நீளமாக இருக்கிறது?" என்று கேட்டாராம் கடைக்காரர். ஆங்கிலேயர்கள் சலிக்காமல் சொல்லும் கடி ஜோக் இது. 'லாங் ஃபேஸ்' என்றால் அவர்களுக்கு முகவெட்டின் நீளமும் உண்டு, சோகமும் உண்டு. துக்கம் வந்தால் வட்ட முகக்காரருக்கும் நீள முகம்தான்.

இதை வெறும் பேச்சுவழக்கு என்று தள்ளிவிட முடியாது. மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிக்காட்டும் விதம் பற்றி 1872-ல் சார்லஸ் டார்வின் ஒரு புத்தகமே எழுதினார். மனம் சோர்ந்தவரின் தசைகள் தளர்கின்றன. கன்னம், உதடு, தாடை எல்லாம் தம் பாரத்தாலேயே இறங்குகின்றன. முகம் உள்ளபடியே நீள்கிறது என்கிறார் அதில். கெட்ட செய்தி கேட்டவரின் முகம் 'விழுந்தது' என்று ஆங்கிலத்தில் சொல்வதும் இதனால்தான். நாம் 'முகம் தொங்கிப்போச்சு' என்கிறோமே, அதே கணக்கு.

வாடிய முகத்துக்கான வேறு சில ஆங்கிலச் சொற்கள் பறவைகளிடமிருந்து வந்திருக்கின்றன. மனமொடிந்தவரைக் குறிக்கும் 'கிரெஸ்ட்ஃபாலன்', கொண்டை சரிந்த சேவலின் கோலம். கண் குழிந்து களைத்த முகத்துக்கு 'ஹேகர்ட்'. வளர்ந்தபின் காட்டில் பிடித்த, பழக்கத்துக்கு வராத வல்லூறுக்கு வேட்டைக்காரர்கள் வைத்த பெயர் அது.

வாய்க்கும் கன்னத்துக்கும் இப்படி வாரி வழங்கிய மொழி, துக்கத்தில் புருவம் செய்யும் வேலையை மறந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. புருவங்களை நெரித்து இறக்க ஒரு தசை முயல, நெற்றியின் நடுத்தசை அவற்றின் உள்முனைகளை மேலே இழுக்கிறது. புருவம் சாய்கிறது, நெற்றி நடுவில் மட்டும் சுருக்கம் விழுகிறது. நினைத்தபோது இதைச் செய்ய எல்லோராலும் ஆவதில்லை. கண்ணாடி முன் நின்று பாருங்கள், எனக்கு வரவில்லை. சொல் இல்லாததால் டார்வின் இந்தத் தசைகளுக்குத் 'துக்கத் தசைகள்' என்று பெயரிட்டார். இதைச் செய்யத் தெரிந்த ஓர் இளைஞனின் படத்தை விளக்கம் சொல்லாமல் 15 பேரிடம் காட்டினார். 14 பேர் சட்டென்று சோகத்தையோ வேதனையையோதான் சொன்னார்கள்.

1978-ல் உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் பெயரையே விட்டுவிட்டு முக அசைவுகளுக்கு எண் கொடுத்தார்கள். உட்புருவம் ஏறினால் 1, வாய்க்கோடி இறங்கினால் 15. முகம் வட்டமா, நீளமா, பிறவியிலேயே வாய்க்கோடி சரிந்ததா என்பதெல்லாம் இங்கே எடுபடாது; அசைந்தால்தான் எண்.

துக்கத் தசைகளுக்கு டார்வினுக்குச் சான்றுகள் கல்கத்தாவிலிருந்தும் போயின. அங்குள்ள தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஸ்காட் என்பவர் ஒரு காட்சியை எழுதியனுப்பினார். நோயும் வறுமையும் வாட்டிய ஒருவர், ஆசையாக வளர்த்த ஆட்டை விற்கிறார். கையிலுள்ள பணத்தைப் பார்க்கிறார், ஆட்டைப் பார்க்கிறார். அருகே போனதும் அது எழும்பி அவர் கையை நக்குகிறது. வாய்க்கோடிகள் அப்போதே இறங்கிவிட்டன. இனி பிரிந்துதான் ஆகவேண்டும் என்று அவர் மனத்தைத் தேற்றிக்கொண்டபோதுதான் புருவங்கள் லேசாகச் சாய்ந்தன.