மாரத்தான் நாளில் சாலையோரம் நிற்பவர்களுக்கு

ஆண்டுதோறும் ஜனவரித் தொடக்கத்தில் சென்னை மாரத்தான் நடைபெறுகிறது. மார்கழிப் பனி விலகாத பின்னிரவிலேயே நேப்பியர் பாலத்தருகே ஓட்டக்காரர்கள் திரண்டுவிடுவர். முழு ஓட்டம் 42.195 கிலோமீட்டர், அதனுடன் 20 மைல், 21.1 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் ஓட்டங்களும் உண்டு. முன்னதாக எண் அட்டை வழங்கும் கண்காட்சி. ஓட்டத்தன்று வழியெங்கும் தண்ணீர் மேசைகள், கைதட்டும் குடும்பங்கள், முடிவுக்கோட்டில் பதக்கம்.

டிசம்பர் பிறந்ததும் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: “ஸ்டென்ட் வைத்து ஒன்றரை வருஷம் ஆயிற்று. பத்து கிலோமீட்டர் ஓடலாமா, டாக்டர்?” கேட்பவரின் முகத்தில் ஆசை தெரியும். அருகில் அமர்ந்திருக்கும் மனைவியோ மகளோ, நாங்கள் ‘கூடாது’ என்று சொல்லிவிட மாட்டோமா என்று காத்திருப்பார்.

பலருக்கு எங்கள் விடை ‘ஓடலாம்’ என்பதே. ஆனால் டிசம்பரில் கேட்டுவிட்டு ஜனவரியில் ஓட முடியாது. எக்கோ, டிரெட்மில் பரிசோதனைகளுக்குப் பின், நடையில் தொடங்கி மாதக்கணக்கில் சிறிது சிறிதாக ஓட்டத்திற்கு வர வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை ஓட்டத்திற்காக நிறுத்தவே கூடாது. மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை உட்கொள்வோருக்கு நாடித்துடிப்பு எளிதில் உயராது. எனவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணை வைத்து வேகத்தை முடிவு செய்ய இயலாது. பக்கத்தில் ஓடுபவரிடம் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பதே அவர்களுக்கு நல்ல அளவுகோல். அந்த வாரம் காய்ச்சல் வந்திருந்தால், பணம் கட்டிவிட்டோமே என்று எண்ணாமல் வீட்டில் இருந்துவிடுவது நல்லது.

“தண்ணீர் நிறையக் குடியுங்கள்” என்று வீட்டார் சொல்லியனுப்புவது வழக்கம். சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது; உடல் சூடேறும்; தண்ணீர் அவசியந்தான். ஆயினும் தாகத்திற்கு மிஞ்சிக் குடித்துக்கொண்டே ஓடினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, குழப்பமும் வலிப்பும்கூட வரலாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

இனி, மனைவியும் மகளும் அஞ்சும் அந்தக் காரியம். ஓடும்போது இதயம் நின்றுவிட்டால்?

அமெரிக்காவில் இதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓட்டங்களில் பங்கேற்ற சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயத்துடிப்பு நின்றது. அவர்களில் 42 பேர் இறந்தனர். அதன்பின் 2023 வரையிலான ஆண்டுகளில், 2 கோடியே 90 லட்சத்திற்கும் மேற்பட்டோரில் 176 பேருக்கு அவ்வாறு நேர்ந்தது. இறந்தவர்கள் 59 பேர். இதயம் நிற்கும் விகிதம் ஏறத்தாழ மாறவில்லை. ஆனால் முன்பு பத்தில் ஏழு பேர் இறந்தனர். பின்னர் மூன்றில் ஒருவரே இறந்தார். உடனடியாக மார்பை அழுத்தியதும், மின்னதிர்வு தரும் ஏஇடி கருவி விரைந்து கிடைத்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். விழுந்தவருக்கு மிக அருகில் இருப்பவர் பெரும்பாலும் மருத்துவராக இருப்பதில்லை. உடன் ஓடியவரோ, கைதட்டிக்கொண்டு நின்ற ஒருவரோதாம் இருப்பார்.

ஆகவே, அஞ்சும் குடும்பத்தாரிடம் நாங்கள் இப்போது இரண்டு வேலைகளைக் கொடுத்தனுப்புகிறோம். முதலாவது எளியது. எண் அட்டையின் பின்புறத்தில் உங்கள் தொலைபேசி எண், அவருடைய நோய், மாத்திரைகள், ஒவ்வாமை ஆகியவற்றை எழுதுங்கள். அங்கே இதற்கென இடம் விட்டிருப்பார்கள். பலரும் அதை நிரப்புவதில்லை. நிரப்பாத அட்டையுடன் மயங்கி வருபவருக்கு மருத்துவம் பார்ப்பது எத்தனை கடினம் என்பது எங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, மார்பை அழுத்தும் சிபிஆர் முறையை ஒருமுறையேனும் பொம்மையில் செய்து பழகிக்கொள்வது. ஒருவர் திடீரெனச் சரிந்து விழுகிறார். தோளைத் தட்டி அழைத்தும் அசையவில்லை. மூச்சில்லை; அல்லது மீன் வாயைத் திறப்பதுபோல் இடைவிட்டு இழுக்கிறார். இந்த இழுப்பை ‘மூச்சு இருக்கிறது’ என்று எண்ணிக் காத்திருப்பவர்கள் ஏராளம். அது மூச்சன்று. ஒருவர் 108ஐ அழைத்து, ஏஇடி கருவியையும் கொண்டுவரச் சொல்லட்டும். மற்றவர் மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் சோடா புகட்டுவதும் வேண்டாம். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று தயங்கவும் வேண்டாம். முறிந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். இரண்டு நிமிடத்தில் கை தளரும். அப்போது அடுத்தவர் தொடரட்டும். உதவிக் குழு வந்து பொறுப்பேற்கும்வரை அழுத்துவது நிற்கக் கூடாது.