முதியோர் மருத்துவமும் மருத்துவர் பயிற்சியும்

குழந்தைகளின் நோய்களை ஆராயும் மருத்துவம் தனித் துறையாக ஏற்கப்பட்டு நெடுங்காலமாகிறது. முதியோரின் நோய்களை ஆராயும் துறையோ 1909-ஆம் ஆண்டு வரை பெயரின்றியே இருந்தது. அவ்வாண்டில், நியூயார்க் நகரில் மருத்துவத் தொழில் புரிந்து வந்த இக்னாட்ஸ் நாஷர் என்பார் ‘ஜெரியாட்ரிக்ஸ்’ என்னும் சொல்லை ஆக்கினார். முதியோர் மருத்துவம் எனத் தமிழில் அது வழங்குகிறது.

பெயர் அமெரிக்காவில் தோன்றிற்று எனினும், துறை உருப்பெற்றது இங்கிலாந்திலேயாகும். 1935-இல் லண்டனின் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையுடன் அண்டையிலிருந்த ஏழையர் விடுதியொன்றின் நோயகம் இணைக்கப்பட்டது. அங்கிருந்த 714 நோயாளிகள் டாக்டர் மார்ஜரி வாரன் அம்மையாரின் பொறுப்பில் வந்தனர். அவர்களிற் பலர், நோய் இன்னதென்று முறையாக அறியப்படாமலே ஆண்டுக்கணக்கில் படுக்கையிற் கிடந்தவர்கள். அம்மையார் ஒவ்வொருவரையும் பரிசோதித்து, நோய்க்கேற்ப வகைப்படுத்தி, இயன்றவர்களை எழுப்பி நடக்கப் பயிற்றினார். பலர் வீடு திரும்பினர். முதியோர் மருத்துவத்தைத் தனித் துறையாக்கி மருத்துவ மாணவர்க்குக் கற்பிக்க வேண்டுமென அவர் 1940-களில் எழுதிய கட்டுரைகள் வற்புறுத்தின. படுத்த படுக்கையே பல வேளைகளில் நோயை வளர்க்கிறது என்று அவர் கண்டது, இன்றும் இத்துறையின் முதற்பாடமாக உள்ளது.

தனிப் பயிற்சி எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. முதியோரிடம் நோயின் குறிகள் மாறித் தோன்றுவதே அதற்கு முதன்மையான காரணம். நுரையீரல் அழற்சி காய்ச்சலின்றி வரக்கூடும். மாரடைப்பு நெஞ்சுவலியின்றி வெறுஞ் சோர்வாகவோ மூச்சுத் திணறலாகவோ வெளிப்படக்கூடும். நேற்றுவரை தெளிவாகப் பேசிய மூதாட்டி இன்று திடீரெனப் பிதற்றுவாராயின், ‘வயதாகிவிட்டது’ என்று வீட்டார் விட்டுவிடுவர். அது தொற்றுநோயின் அறிகுறியாகவோ, நீரிழப்பின் விளைவாகவோ, புதிதாகக் கொடுக்கப்பட்ட மருந்தின் வேலையாகவோ இருக்கலாம். மறதிநோய் மாதக்கணக்கில் மெல்ல வளர்வது. இத்தகைய திடீர்க் குழப்பமோ சில மணி அல்லது சில நாளில் தோன்றுவது. காரணத்தைக் கண்டு நீக்கினால் இது பெரும்பாலும் தீரும். காணத் தவறினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருந்தின் செய்தி இன்னும் நுட்பமானது. வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைகிறது. ஆனால் தசையும் உடன் குறைந்துவிடுவதால், இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவு சீராகவே தோன்றி மருத்துவரை ஏமாற்றிவிடும். இளையவர்க்குரிய அளவு மருந்து முதியவர் உடலில் நெடுநேரம் தங்கும். ஓர் எடுத்துக்காட்டு: இரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின் கொடுக்கப்படுகிறது, அதனால் கணுக்கால் வீங்குகிறது. வீக்கத்தைப் புதிய நோயெனக் கருதிச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை சேர்க்கப்படுகிறது. முதியவர் இரவில் பன்முறை எழ நேர்கிறது. உடலில் சோடியமும் குறைகிறது. ஓரிரவு இருட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. வீட்டார் அறிந்ததெல்லாம் கால் வழுக்கியது என்பதே. எம்மருந்தை நிறுத்துவது என்று அறிவது, எம்மருந்தைத் தொடங்குவது என்று அறிவதைவிடக் கடினமான கலை. பொதுப் பாடத்திட்டத்தில் அதற்குக் கிடைக்கும் இடமோ மிகச் சிறிது.

இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டது சென்னையாகும். இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் வ. செ. நடராசன், 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பத்துப் படுக்கைகள் கொண்ட உள்நோயாளர் பிரிவு 1988-இல் அமைந்தது. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கான எம்.டி. பட்டப் படிப்பு நாட்டிலேயே முதன்முறையாகத் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு இருவர்க்கே அதில் இடமிருந்தது. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 கோடி என்பதை எண்ணுமிடத்து, அந்த இருவரின் அளவு விளங்கும்.

2010-11-இல் மத்திய அரசு முதியோர் நலத்திற்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை, திருவனந்தபுரம், டில்லி உள்ளிட்ட எட்டு மருத்துவ நிலையங்கள் வட்டார மையங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. சிகிச்சையுடன் பட்ட மேற்படிப்பை வளர்ப்பதும் அவற்றின் பணியாக வகுக்கப்பட்டது. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் எம்.டி. படிப்பு 2012-இல் தொடங்கியது. சென்னை கிண்டியில் 200 படுக்கைகளுடைய தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

எம்.டி. படிப்பு மூன்றாண்டுக் காலமுடையது. மாணவர் பொது மருத்துவத்துடன் நரம்பியல், மனநோய் மருத்துவம், எலும்பு மருத்துவம், உடலியக்கப் பயிற்சி, வலித்தணிப்பு ஆகியவற்றையும் பயில்கிறார். இவற்றினும் மேலாக அவர் கற்க வேண்டுவது ‘முழுமை மதிப்பீடு’ என்னும் முறையாகும். நோயை மட்டுமன்றி, நோயாளி தாமே குளிக்கிறாரா, உண்கிறாரா, பணத்தைக் கையாளுகிறாரா, வீட்டில் துணை யார் என்பவற்றையும் மருத்துவர், செவிலியர், உடலியக்கப் பயிற்சியாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் கூடி ஆராய்வது அம்முறை. 2017-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 29 சோதனைகளை ஒருங்கே நோக்கியது. இம்முறைப்படி மருத்துவமனையில் கவனிக்கப்பட்ட முதியோர், பின்னர் தம் வீட்டிலேயே உயிர்வாழும் வாய்ப்பு மிகுதி என்று அது கண்டது.

நகரத்து வார்டில் கற்ற பாடம் எல்லைப்புறச் சிற்றூருக்கு எவ்வளவு பொருந்தும் என்பது தனிக் கேள்வி. பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தில், பொள்ளாச்சிச் சாலையில், மாநில எல்லையை ஒட்டியுள்ள மீனாட்சிபுரத்தை எடுத்துக்கொள்ளலாம். கேரளம், 2011 கணக்கின்படி மக்களில் 12.6 சதவிகிதத்தினர் முதியோராயிருந்த மாநிலம். இவ்விகிதம் அப்போது நாட்டிலேயே மிகுதி. மீனாட்சிபுரத்திலிருந்து திருவனந்தபுரம் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. சென்னையோ 500 கிலோமீட்டருக்கும் மேல். வட்டார மையம் இரு திசையிலும் எட்டாத இடத்தில்தான் உள்ளது.

தூரத்தினும் நுண்ணியதொரு தடை மொழி. இவ்வெல்லைப் பகுதியில் வீட்டில் தமிழ் பேசுவோர் பலர். அரசு மருத்துவ நிலையத்தின் பதிவுகளோ மலையாளத்தில் அமைவன. நினைவாற்றலைச் சோதிக்கையில் ‘இது என்ன மாதம்?’ என்று கேட்பது வழக்கம். பணியாளர் ‘கர்க்கடகம்’ என்ற விடையை எதிர்பார்க்க, பாட்டி ‘ஆடி’ என்பார். ஜூலை என்பதை அவர் பயன்படுத்தியே இருக்கமாட்டார். விடை சரியே. பள்ளி செல்லாதவரிடம் எழுதச் சொல்வதும், எண்களைப் பின்னோக்கிக் கழிக்கச் சொல்வதும் அறிவைச் சோதிப்பதாகா. அவை பள்ளிப் படிப்பையே சோதிக்கின்றன. அரியானாவின் பல்லப்கர் பகுதியில் எழுத்தறியாத கிராம முதியோர்க்கென இந்தியில் தனிச் சோதனை 1990-களில் வகுக்கப்பட்டது இக்காரணம் பற்றியே. சோதனைத் தாளை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, சோதிக்கப்படுவோரின் வாழ்க்கையை அறிந்து அதனை மாற்ற வேண்டும் என்பது அம்முயற்சியால் தெளிவாயிற்று.

சிறப்பு மருத்துவர் பற்றாக்குறை விரைவில் தீராது. ஆகவே சிறப்புப் பயிற்சியின் ஒரு பகுதி கீழ்நிலை வரை இறங்க வேண்டியுள்ளது. தேசியத் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரமொரு முறை முதியோர் சிகிச்சை நாளையும், மாவட்ட மருத்துவமனையில் பத்துப் படுக்கைப் பிரிவையும் வகுத்தது. கேரளத்தில் 2008-இல் வலித்தணிப்புக் கொள்கை வெளியான பின், உள்ளாட்சிகளின் ஆதரவில் செவிலியர் வீடு தேடிச் செல்லும் முறை பரவியது. எல்லைப்புற முதியவரின் வாசலை முதலில் மிதிப்பவர் பெரும்பாலும் அச்செவிலியரே.

அவர் செய்யத்தக்க சோதனைகள் எளியன. முதியவர் நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர எவ்வளவு நேரம் ஆகிறதென்று கடிகாரத்தால் பார்ப்பது ஒன்று. 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டெனக் கொள்வர். படுத்திருக்கையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்திற்குள்ளும் இரத்த அழுத்தத்தை அளப்பது மற்றொன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருந்துகளை மறுபார்வை செய்ய வேண்டும். மூன்றாவதற்குக் கருவியே வேண்டா. அலமாரியிலும் தலையணையடியிலும் உள்ள மாத்திரைகளையெல்லாம், நாட்டு மருந்து உட்பட, ஒரு பைக்குள் இட்டு அடுத்த சிகிச்சை நாளில் மருத்துவர் மேசைமீது கொண்டுவந்து வைக்கச் சொல்வதே அது. இரு மாநில மருத்துவர்களிடமும் மாறி மாறிச் செல்லும் ஊர்களில், ஒரே மருந்து இரு பெயர்களில் அப்பைக்குள் கிடக்கக்கூடும்.